கடுபுல் எந்த ஊர்ப் பூ?

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கடுபுல் இலங்கையில் தோன்றிய பூ இல்லை. மெக்சிக்கோவின் தென்பகுதியிலிருந்து குவாத்தமாலா, ஹொண்டுராஸ் பக்கமாக நீளுகிற ஈரலிப்பான காடுகள்தான் அதன் தாய்நிலம். அங்கே அது மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் தொற்றி வளரும். தாவரவியலில் அதன் பெயர் எபிபில்லம் ஒக்சிபெற்றலம். அது ஒரு கக்டஸ்.

இதைச் சொன்னால் கனபேருக்குக் கோபம் வரும். "உலகத்திலேயே விலைமதிக்க ஏலாத பூ, இலங்கையில மட்டும்தான் பூக்கும்" எண்டு முகநூலில் ஒரு படம் சுத்திக்கொண்டே இருக்கும். அதன் கீழே பெருமைப்பட்டு எழுதுகிறவர்களில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் இருப்பார்கள். இந்த நாட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு விசயத்தில் ஒத்துப்போவதே அபூர்வம். அப்படி ஒத்துப்போன ஒன்று பிழையாக இருப்பது கொஞ்சம் கவலைதான்.

அந்தப் பெருமையைக் கெடுப்பதற்காக நாங்கள் இதை எழுதவில்லை. "எங்கயிருந்து வந்தது?" எண்ட கேள்விதான் எங்களுக்கு முக்கியம். இலங்கையில் அது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. ஆர் முதல் வந்தது, ஆர் பிந்தி வந்தது எண்டு கேட்டுக் கேட்டே எங்கட வரலாற்றுச் சண்டைகளில் பாதி நடந்திருக்கிறது. அதே கேள்வியை ஒரு பூச்சாடியிடம் கேட்டுப் பார்த்தால் என்ன பதில் வரும்?

கள்ளி வேறு, கக்டஸ் வேறு

தமிழில் கக்டஸையும் கள்ளி என்றுதான் சொல்கிறோம். அதனால் ஒரு குழப்பம். சங்கப் பாடல்களின் பாலை நிலத்தில் கள்ளி வருகிறது, சுடுகாட்டிலும் வருகிறது. அப்போ கக்டஸ் எங்களுக்கு இரண்டாயிரம் வருசப் பழக்கம்தானே எண்டு நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் கள்ளி சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்ற வேறொரு குடும்பம். ஒடித்தால் பால் வடியும். ஆமணக்கும் மரவள்ளியும் அந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர்கள். கடுபுல்லை ஒடித்துப் பாருங்கோ, பால் வராது.

கக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அந்தக் குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரேயொரு இனத்தைத் தவிர (அதைப் பிறகு பார்ப்போம்) மற்ற எல்லாம் இயற்கையாக அமெரிக்காக்களில் மட்டுமே வளர்ந்தவை. 1492இல் கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்த பிறகுதான் அவை கப்பல் ஏறின. மிளகாய், தக்காளி, மரவள்ளி, பப்பாசி, அன்னாசி எல்லாம் வந்த அதே கடல்வழிதான். மிளகாய்த்தூள் இல்லாத யாழ்ப்பாணத்துக் குழம்பை எங்களால் நினைத்துப் பார்க்க ஏலாது. ஆனால் அந்தக் குழம்புக்கும் ஐந்நூறு வருசத்துக்கு மேல் வயது இருக்காது.

கடுபுல்லின் 'இலை' எண்டு நாங்கள் சொல்வது இலையே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். அது தட்டையாகிப்போன தண்டு. ஓரங்களில் பல்லுப்பல்லாக வெட்டு விழுந்திருக்கும். அந்த வெட்டுகளிலிருந்துதான் மொட்டு வரும். இலையிலிருந்து பூ வருகிற மாதிரித் தெரிந்ததால்தான் ஐரோப்பியத் தாவரவியலாளர்கள் 'இலைமேல்' என்று பொருள்படுகிற எபிபில்லம் என்ற கிரேக்கப் பெயரை வைத்தார்கள். ஒக்சிபெற்றலம் என்றால் கூரிய இதழ்கள். பெயரிலேயே ஒரு பிழை ஒட்டிக்கொண்டு இன்றைக்கும் இருக்கிறது. இந்தச் செடியைப் பார்த்துப் பிழையாக விளங்கிக்கொண்ட முதல் ஆட்கள் நாங்கள் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

ஜெனீவாவில் பத்து நாள்

அந்தப் பெயர் எப்படிக் கடதாசிக்கு வந்தது என்பது தனிக்கதை.

1787இல் ஸ்பெயின் அரசு, தன் குடியேற்றமான 'புதிய ஸ்பெயின்' என்ற மெக்சிக்கோவின் தாவரங்களைக் கணக்கெடுக்க ஒரு குழுவை இறக்கியது. தலைவர் மார்ட்டின் செஸ்ஸே. பிறகு மெக்சிக்கோவிலேயே பிறந்த ஹொசே மரியானோ மொசீன்யோ என்பவரும் சேர்ந்தார். அத்தனாசியோ எச்செவெரியா, விசெந்தே டி லா செர்தா என்ற இரண்டு ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். 1803 வரை வேலை நடந்தது. அவ்வளவையும் கட்டிக்கொண்டு ஸ்பெயினுக்குப் போனால், அங்கே அச்சிட ஆளும் இல்லை, பணமும் இல்லை. செஸ்ஸே இறந்துபோனார். நெப்போலியனின் படை ஸ்பெயினுக்குள் வந்து திரும்பிப் போனபோது, பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றவர் என்ற பழி மொசீன்யோ மீது விழுந்தது. அவர் ஓவியங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தூக்கிக்கொண்டு பிரான்சின் மொன்பெலியே நகரத்துக்கு ஓடினார். சுருக்கமாகச் சொன்னால், அவர் ஓர் அகதி.

மொன்பெலியேயில் அவர் சந்தித்தவர் ஒகுஸ்தீன் டி காந்தோல், அந்தக் காலத்தின் பெரிய தாவரவியலாளர். மொசீன்யோ ஓவியங்களை அவரிடம் கொடுத்துவைத்தார். 1816இல் டி காந்தோல் அவற்றோடு ஜெனீவாவுக்குப் போய்விட்டார். அடுத்த வருசம் மொசீன்யோவுக்கு ஸ்பெயின் திரும்ப அனுமதி கிடைத்தது. ஓவியங்களைத் திருப்பித் தரச்சொல்லிக் கேட்டார். டி காந்தோலுக்கு இடி விழுந்த மாதிரி. அப்போது ஜெனீவா நகரத்து ஆட்கள் நூறு பேருக்கும் மேல், பெரும்பாலும் பெண்கள், சேர்ந்து உட்கார்ந்து பத்து நாள் அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களைப் படி எடுத்துக்கொடுத்தார்கள். அச்சு இயந்திரமும் படப்பிரதிக் கருவியும் இல்லாமல் ஒரு நகரம் கையாலேயே செய்த வேலை அது.

மொசீன்யோ மூலப் படங்களோடு பார்சிலோனா வந்து 1820இல் இறந்தார். அந்தப் படங்கள் அதற்குப் பிறகு காணாமல் போய், ஒரு குடும்பத்தின் புத்தகச் சேகரிப்பில் கிடந்து, 1981இல்தான் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரத்துத் தாவரவியல் நிறுவனம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தன. டி காந்தோல் தன்னிடமிருந்த படிகளை வைத்து மெக்சிக்கோவின் எத்தனையோ செடிகளுக்குப் பெயர் வைத்தார். 1828இல் வெளிவந்த அவருடைய நூல்தொகுதியில்தான் எங்கட செடி 'செரியஸ் ஒக்சிபெற்றலஸ்' என்ற பெயரில் முதல்முதலாக வருகிறது. 1829இல் ஏட்ரியன் ஹாவர்த் என்ற ஆங்கிலேயர் அதை எபிபில்லம் என்ற இனத்துக்கு மாற்றினார்.

இன்றைக்கும் இந்தச் செடியின் முழு விஞ்ஞானப் பெயரில் டி காந்தோலும் ஹாவர்த்தும் சுருக்கெழுத்தாக ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். டி காந்தோல் மெக்சிக்கோ மண்ணை ஒரு நாளும் மிதித்ததில்லை. அந்த மண்ணில் பிறந்து, அதன் செடிகளைத் தேடி வருசக்கணக்காக நடந்த மொசீன்யோவின் பெயர் அதில் இல்லை. மொசீன்யோவுக்கு முதலே அந்தப் பூவுக்குத் தங்கள் மொழிகளில் பெயர் வைத்திருந்த மக்களும் இல்லை. ஒன்றின் 'தொடக்கம்' எது என்பது, ஆர் எழுதினார்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய பெயர், புதிய செடி

செடி ஆசியாவுக்கு வந்தபோது, அதற்கு முன்னமே இங்கே பெயர்கள் காத்திருந்தன.

சீனத்தைப் பாருங்கோ. அங்கே இதன் பெயர் 'தான்ஹுவா'. ஒரு கணம் தோன்றி மறைகிற எதையும் 'தான்ஹுவா தோன்றினது போல' என்று சீனர்கள் சொல்வார்கள். அந்தத் 'தான்' என்ற ஒலி வந்தது 'உதும்பர' என்ற வடமொழிச் சொல்லிலிருந்து. குமாரஜீவர் என்ற துறவி பொதுக்காலம் 406இல் தாமரைச் சூத்திரத்தைச் சீனத்துக்கு மொழிபெயர்த்தார். புத்தர் ஒருவர் உலகில் தோன்றுவது உதும்பரம் பூப்பது போல அபூர்வம் என்று அதில் வரும்.

உதும்பரம் என்றால் எது? எங்கட அத்தி மரம். அத்தியின் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருப்பதால் வெளியே தெரியாது. "அத்தி பூத்தாப் போல வந்திருக்கிறியள்" எண்டு கனநாள் கழித்து வந்த சொந்தக்காரரைப் பார்த்து எங்கட அம்மம்மாமார் சொல்கிறார்களே, அதே அத்தி. அந்தச் சொல்தான் பௌத்தத்தோடு சீனாவுக்கு நடந்துபோய், ஆயிரம் வருசத்துக்கு மேல் காத்திருந்து, மெக்சிக்கோவிலிருந்து வந்த ஒரு கக்டஸுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது.

இந்தியாவில் கனபேர் இதைப் பிரம்மகமலம் என்கிறார்கள். உண்மையான பிரம்மகமலம் இமயமலையின் உயரங்களில் வளர்வது, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, உத்தரகாண்ட் மாநிலத்தின் பூ. பத்ரிநாத்திலும் கேதார்நாத்திலும் சாமிக்கு வைப்பது அதைத்தான். கீழே சமவெளியில் இருந்தவர்களுக்கு இமயத்துப் பூ கைக்கெட்டாது. வீட்டுச் சாடியில் ராவில் பூத்த வெள்ளைப் பூவுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். கேரளத்தில் நிஷாகந்தி, இரவில் மணப்பது. திருவனந்தபுரத்தில் ஒரு திறந்தவெளி அரங்குக்கே அந்தப் பெயர். ஜப்பானில் 'நிலவின் கீழ் அழகி'.

இலங்கையில் கடுபுல். அது பூக்கிற இரவில் நாகர்கள் இறங்கி வந்து, சமனல மலையில், அதாவது எங்கட சிவனொளிபாத மலையில், புத்தருக்கு அந்தப் பூவைப் படைக்கிறார்கள் என்பது நம்பிக்கை. பூவுக்குள்ளே எட்டிப் பார்த்தால் படமெடுத்த பாம்பும் அதன் கீழே ஓர் உருவமும் தெரியும் என்று பௌத்தர்கள் காட்டுவார்கள். அதே இடத்தில் இந்துக்கள் பாம்பணையில் படுத்திருக்கிற விஷ்ணுவைப் பார்ப்பார்கள். தாவரவியல் மாணவர் பார்த்தால் கொத்துக் கேசரங்களும் நட்சத்திரம் மாதிரி விரிந்த சூலகமுடியும்.

புத்தர் வாழ்ந்த காலத்துக்கும் முதல் அமெரிக்கச் செடி கப்பலேறிய காலத்துக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டாயிரம் வருசம் இருக்கிறது. ஆகவே நாகர்கள் கொண்டுவந்த பூ இந்தச் செடியின் பூவாக இருந்திருக்க முடியாது. 1983இல் எரிக் ஹொப்ஸ்பாமும் ரெரன்ஸ் ரேஞ்சரும் தொகுத்த 'மரபின் கண்டுபிடிப்பு' நூல் எங்கட வாசிப்புப் பட்டியலில் இருக்கிறது. மிகப் பழையது என்று நாங்கள் நம்புகிற எத்தனையோ வழக்கங்கள் கிட்டடியில் செய்யப்பட்டவை என்பது அதன் வாதம். கடுபுல் அதற்கு நல்ல உதாரணம்தான். ஆனால் ஒரு வித்தியாசம். இந்த மரபை ஓர் அரசும் கட்டளை போட்டு உண்டாக்கவில்லை. ராவில் கண்விழித்துப் பூவைப் பார்த்த சாதாரண சனங்கள், தங்களிடம் ஏற்கெனவே இருந்த ஆகப் பெரிய வார்த்தையை எடுத்து அதற்குக் கொடுத்தார்கள்.

இன்னும் இரண்டு கக்டஸ்கள்

வந்த எல்லாச் செடிக்கும் அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரங்களிலும் அம்பாந்தோட்டைப் பக்கத்திலும் நாகதாளியைப் பார்த்திருப்பீர்கள். தட்டைத் தட்டையாக, முள்ளோடு, மஞ்சள் பூ. பழத்தைத் தின்றால் நாக்குச் சிவக்கும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்த கக்டஸ்தான். பாம்பின் படம் மாதிரி இருப்பதால்தான் அந்தப் பெயர். நாகம் கடுபுல்லைத் தெய்வப் பூவாக்கியது. நாகதாளியை வெறும் முள்ளுப் பற்றையாக விட்டுவிட்டது.

அதன் சொந்தக்காரச் செடி ஒன்றின் கதை இன்னும் விசித்திரம். 1795இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனி, சிவப்புச் சாயம் தருகிற ஒரு பூச்சியைப் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பூச்சி கக்டஸில்தான் வளரும். சாய வியாபாரத்தில் ஸ்பெயினுக்கு இருந்த தனியுரிமையை உடைப்பது திட்டம். வந்தது பிழையான இனம். சாயம் சரிவரவில்லை. ஆனால் வேலியாகவும் பற்றையாகவும் பரவியிருந்த ஒரு வகைக் கக்டஸைப் பூச்சி தின்று தீர்த்தது. அதைப் பார்த்துவிட்டு 1860களில் அந்தப் பூச்சியை இலங்கைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை அழிக்க இன்னோர் உயிரைத் திட்டமிட்டு இறக்கிய, உலகத்தின் மிகப் பழைய முயற்சிகளில் இது ஒன்று. 1896இல் இலங்கையில் எடுத்த மாதிரிகளை வைத்து அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தபோது 'சிலோனிக்கஸ்', அதாவது 'இலங்கைக்குரியது', என்று வைத்தார்கள். தென்னமெரிக்கப் பூச்சிக்கு ஒரு பெயரால் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது.

கடைசியாக, முதலில் ஒதுக்கி வைத்த அந்த ஒரேயொரு விதிவிலக்கு: ரிப்சாலிஸ். அமெரிக்காக்களுக்கு வெளியே, ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இலங்கையிலும், இயற்கையாக வளர்கிற ஒரே கக்டஸ் இதுதான். மலைநாட்டின் ஈரக் காடுகளில் மரங்களிலிருந்து பச்சை நூல்கள் மாதிரித் தொங்கும். குருவிச்சைப் பழம் போல வெள்ளை மணிகள் காய்க்கும். விதை பசை மாதிரி ஒட்டும். பறவையில் ஒட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்ததா, வேறு வழியா என்று தாவரவியலாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். சிங்களத்தில் 'வல் நவஹந்தி', அதாவது காட்டுக் கள்ளி. 'எங்கட மண்ணின் கக்டஸ்' எண்டு ஒன்றைக் காட்டவேண்டுமென்றால் இதைத்தான் காட்டவேண்டும். ஆனால் அதற்கு முகநூலில் படமும் இல்லை, நாகர் கதையும் இல்லை.

ஆக, பழையதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. வந்த இரண்டில் ஒன்றை வணங்கினோம், மற்றதை அழிக்கப் பார்த்தோம். நாகதாளி பரவி இடத்தைப் பிடிக்கிறது என்பது உண்மையான காரணம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் கடுபுல்லுக்குக் கிடைத்த இடத்தை அது வந்த திகதி தீர்மானிக்கவில்லை. திகதி முக்கியம் எண்டு நாங்கள் நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

செடிக்குக் கிடைத்தது

இந்த இடத்தில் எங்களால் மனிதர்களைப் பற்றி யோசிக்காமல் இருக்க ஏலாது.

டி காந்தோல் ஜெனீவாவில் இந்தப் பூவுக்குப் பெயர் எழுதிய அதே 1820களில், தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் இலங்கைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் செத்தவர்கள் போக மிச்சப் பேர் மலையேறினார்கள். கோப்பி வெளியிலிருந்து வந்த செடி. கோப்பி அழிந்த பிறகு அந்த இடத்தைப் பிடித்த தேயிலையும் வெளியிலிருந்து வந்ததுதான். 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டார். அந்தத் தேயிலை 'சிலோன் ரீ' என்று சிங்க முத்திரையோடு உலகம் முழுக்கப் போகிறது. அது எந்த நாட்டுச் செடி என்று கேட்டு ஒருவரும் அதன் குடியுரிமையைப் பறிக்கவில்லை.

அதைப் பறித்த கைகளுக்கு அப்படி நடக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஏழு இலட்சம் பேரளவான மலையகத் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கு எனப் பங்கு பிரித்தது. நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கிற சட்டம் 2003இல்தான் வந்தது. 2023இல், இருநூறு வருசத்தை நினைவுகூர்ந்து, அவர்களுடைய பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியை நடந்தார்கள்.

செடியையும் மனிதரையும் ஒப்பிடுவது சரியில்லை என்று எங்களுக்குள்ளேயே ஒருவர் சொன்னார். சரிதான். செடிக்கு வாக்குரிமை தேவையில்லை, காணி தேவையில்லை. எங்கட கேள்வி ஒன்றுதான். வந்த ஒரு செடிக்கு 'சொர்க்கத்திலிருந்து வந்தது' என்று கதை கட்டிக் கொடுக்கிற அளவுக்குத் தாராளமான ஒரு நாடு, வந்த மனிதருக்கு ஓர் அடையாள அட்டை கொடுக்க ஏன் 55 வருசம் எடுத்தது? வடக்குத் தமிழ்த் தலைவர்களில் சிலரும் அந்த 1948இல் அரசோடு நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இந்தக் கேள்வி மற்றவர்களை நோக்கி மட்டும் கேட்கிற கேள்வி இல்லை.

பூக்க வைப்பது எப்படி?

"எங்கயிருந்து வந்தது" எண்ட கேள்வியே கெட்டது, அதைக் கேட்கவே கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடவேண்டாம். அந்தக் கேள்வியை ஒருவரை வெளியேற்றவும் கேட்கலாம், பராமரிக்கவும் கேட்கலாம். கடுபுல் வளர்க்கிற ஆட்களுக்கு இது நல்லா விளங்கும். ஏனென்றால் அதன் ஊர் தெரியாவிட்டால் அதைப் பூக்க வைப்பது கஷ்டம்.

கக்டஸ் எண்டு கேள்விப்பட்டதும் சிலர் கொண்டுபோய் நடு வெயிலில் மணலில் வைப்பார்கள். யாழ்ப்பாணத்து ஏப்ரல் வெயிலில் ஒரு கிழமை போதும், தண்டு மஞ்சளாகிச் சுருங்கிவிடும். இது பாலைவனச் செடி இல்லை. மரத்தில் வாழ்கிற மேலொட்டி. ஒட்டுண்ணி இல்லை, மரத்திலிருந்து ஒன்றும் உறிஞ்சாது, இருக்க இடம் மட்டும்தான் கேட்கும். காட்டில் அதற்குக் கிடைப்பது இலைகளுக்குள்ளால் வடிந்து வருகிற வெளிச்சம். ஆகவே கிழக்குப் பார்த்த விறாந்தை, காலை வெயில், மத்தியானம் நிழல். மாமரத்தின் கீழ் என்றாலும் நல்லது. ஒரேயடியாக இருட்டு மூலையில் வைத்தால் செடி சாகாது, பச்சையாக நீண்டுகொண்டே போகும், ஆனால் பூக்காது.

வேரும் அப்படித்தான். காட்டில் அதன் வேர், கிளைக் கவட்டில் சேர்ந்த உக்கின இலைக்குள் இருக்கும். மழை பெய்தால் நனையும், உடனே வடியும். எங்கட களிமண்ணைச் சாடியில் அடைத்து நட்டால் மூச்சு முட்டி அழுகிவிடும். தென்னந்தும்பு, உக்கின இலை, கரித்துண்டு, உடைத்த செங்கல் கலந்து வையுங்கோ. சாடியின் அடியில் ஓட்டை கட்டாயம். பெரிய சாடியும் வேண்டாம். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால்தான் இந்தச் செடி பூக்க யோசிக்கும்.

நடுவதற்குக் கடையில் வாங்கத் தேவையில்லை. முற்றின தண்டில் ஒரு சாண் துண்டு வெட்டி, வெட்டுக்காயம் காயும் வரை ஒரு கிழமை நிழலில் போட்டுவிடுங்கோ. பிறகு அடிப்பக்கம் கீழே வரும்படி இரண்டு அங்குலம் புதைத்தால் போதும். வேர் பிடிக்கும் வரை தண்ணீரை அளவாகத் தெளியுங்கோ. பூக்க இரண்டு மூன்று வருசம் எடுக்கலாம். வாலிபத் தண்டு பூக்காது, முற்றவேண்டும்.

கனபேர் கேட்பது, "வளர்ந்து நிக்குது, ஏன் பூக்கேல்லை?" பெரும்பாலும் காரணம் அளவுக்கு மிஞ்சின கவனிப்பு. நைதரசன் கூடின பசளை போட்டால் தண்டுதான் கொழுக்கும். பூ வேண்டுமென்றால் பொசுபரசும் பொற்றாசியமும் கூடின பசளையைக் கொஞ்சமாகப் போடுங்கோ. வருசத்தில் ஒன்றிரண்டு மாதம் தண்ணீரைக் குறைத்து ஓய்வு கொடுங்கோ. காய்ச்சலுக்குப் பிறகு மழை வருகிறபோதுதான் அதன் ஊரிலும் அது விழித்தெழும். ராவில் முழுநேரமும் மின்குமிழ் எரிகிற இடத்தையும் தவிருங்கோ, அதற்கு இருட்டு வேணும். பஞ்சு மாதிரிப் பூச்சி ஒட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கோ.

மொட்டு வந்த பிறகு ஒரே விதி: சாடியை அசைக்காதீர்கள். வடிவாயிருக்கட்டும் எண்டு வாசலுக்குத் தூக்கி வைத்தால் மொட்டு கொட்டிவிடும். இரண்டரை, மூன்று கிழமையில் கீழ்நோக்கித் தொங்கின மொட்டு தூண்டில் மாதிரி வளைந்து மேலே பார்க்கத் தொடங்கும். நுனி வீங்கி, வெளியிதழ்கள் விலகினால் அன்றைக்கு இரவுதான். பொழுதுபட்டு ஏழு எட்டு மணிக்கு அசைவு தொடங்கும். பத்து, பதினொன்றுக்குள் விரிந்து, ஒரு விறாந்தை முழுக்க மணக்கும். அந்த வெள்ளையும் வாசமும் மெக்சிக்கோவின் இருட்டில் நீண்ட உறிஞ்சுகுழலோடு பறக்கிற பெரிய அந்துப்பூச்சிகளைக் கூப்பிடுவதற்காக. விடியும்போது கழுத்துத் தொய்ந்து தொங்கும்.

'விலைமதிக்க ஏலாத பூ' என்பதன் உண்மையான அர்த்தம் இதுதான்: விற்பதற்கு நேரம் இல்லை. செடியோ இலவசம். எங்கட வீடுகளில் இருக்கிறவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று வெட்டி நட்டவை. அதனால்தான் ஒரு ஒழுங்கையில் இரண்டு மூன்று வீட்டுச் சாடிகள் ஒரே இரவில் பூக்கின்றன. ஒரே உடலின் துண்டுகள், ஒரே மழை. இந்தப் பரம்பலுக்கு ஆவணக்காப்பகத்தில் கோப்பு கிடையாது. அயல்வீட்டு அன்ரி கடதாசியில் சுற்றித் தந்தது, கலியாணம் கட்டிப் போகிறபோது கொண்டுபோனது என்று, கை மாறின கதைகள்தான் அதன் வரலாறு. வரலாறு படிக்கிற எங்களுக்கு அதை எழுதிவைக்கிற கடமை இருக்கிறது. உங்கட வீட்டுச் செடி ஆரிடமிருந்து வந்தது என்று அம்மாவிடமோ அம்மம்மாவிடமோ கேட்டுப் பாருங்கோ. இரண்டு மூன்று கை பின்னுக்குப் போனால், இப்போது இல்லாத ஒரு வீடோ ஊரோ வரக்கூடும்.

அயலைக் கூப்பிட்டுக் காட்டுகிற பழக்கமும் எங்கட மட்டும் இல்லை. 1930களில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஜக்சன் நகரத்தில், இரவில் பூக்கும் கள்ளி வைத்திருந்தவர்கள் "இன்றிரவு பூக்கும், வந்து பாருங்கள்" என்று பத்திரிகையில் அறிவித்தல் போடுவார்கள். எழுத்தாளர் யூடோரா வெல்ற்றியும் நண்பர்களும் அதற்கென்றே ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்து, அறிமுகமில்லாத வீடுகளுக்கெல்லாம் போய் விடிய விடிய இருந்தார்கள். எங்கட ஊரில் பத்திரிகை இல்லை, வட்ஸ்அப். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எந்த மொழி, எந்தச் சமயம் என்று பார்க்காமல் "இண்டைக்குப் பூக்கும், வாங்கோ" எண்டு சொல்ல வைக்கிற பூ அது.

ஆகவே அடுத்த முறை ஆராவது உங்களிடம் கடுபுல் துண்டு கேட்டால் வெட்டிக் கொடுங்கோ. கொடுக்கும்போது இரண்டு விசயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ. இது மெக்சிக்கோக் காட்டு மரங்களிலிருந்து வந்தது, அதனால் மத்தியான வெயிலில் வைக்க வேண்டாம். இது எங்கட பூவும்தான், அதனால் பூக்கிற இரவில் எங்களையும் கூப்பிடுங்கோ.